ஆத்துல போட்டு குளத்துல தேடின கதை

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு கொஞ்சம் பெரிய பதிவு. ஒரு டீ சொல்லிட்டு உக்காருங்க.

விஷயம் இதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, பரண் சுத்தம் பண்ற வேலை என் தலையில விழுந்தது. (வீட்டுக்குப் போனா சாஃப்ட்வேர் இன்ஜினியராவது ஒண்ணாவது!) அங்க ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ள மூணு ஃப்ளாப்பி. மேல அப்பா கையெழுத்துல 'ஊர் 1', 'ஊர் 2', 'ஊர் 3'.

அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுப் பார்த்தார். "அட, இது இன்னும் இருக்கா? நோட்டைத்தான் கரையான் தின்னுருச்சு. போகட்டும் விடுடா, இனிமே அதை எவன் படிக்கப் போறான்" அப்படின்னு சொல்லிட்டு பேப்பரைப் பிரிச்சுட்டார். ஆனா ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுக்கல. மடியிலேயே வச்சிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு இந்த வேலையில இறங்கணும்னு தோணுச்சு.

இந்த ஃப்ளாப்பி கதையைச் சொல்லணும்னா கணினியில தமிழ் வந்த கதையையும் சேர்த்துதான் சொல்லணும். ரெண்டும் ஒரே கதைதான்னு எனக்கே இப்பதான் புரிஞ்சுது.

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. நமக்கு விருத்தாசலம். ரயில்ல போறவங்களுக்கு ஜங்ஷனா தெரியும். கோயிலுக்கு வர்றவங்களுக்கு விருத்தகிரீஸ்வரர் தெரியும். பழைய பேர் திருமுதுகுன்றம், பழமலைன்னும் சொல்லுவாங்க. இது ரெண்டும் போக மூணாவதா ஒண்ணு உண்டு, பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் டெக்னாலஜியில டிப்ளமா கொடுக்கிற அரசு நிறுவனம் இருக்கு. உங்க வீட்டுப் பழைய மெயின் போர்டுல வெள்ளையா ஒரு ஃபியூஸ் கேரியர் இருந்திருந்தா, அது எங்க ஊர் சூளையில வெந்ததா இருக்கலாம். இப்ப எம்.சி.பி. சுவிட்சு வந்த பிறகு அதை யாரும் கண்டுக்கிறதில்ல.

எங்க ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. சுந்தரர் இங்க வந்து பாடி, சிவன்கிட்ட பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். அவ்வளவையும் தூக்கிக்கிட்டு திருவாரூர் வரைக்கும் எப்படிப் போறது? இங்க மணிமுத்தாத்துல போட்டுடு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்துக்கோன்னு உத்தரவு. சுந்தரரும் அப்படியே போட்டார். மனுசர் வெவரமானவர், மாத்து பார்க்க ஒரு துண்டு பொன்னை மட்டும் கையில வெட்டி வச்சுக்கிட்டார். அங்க போய் குளத்துல இறங்கித் தேடுறார், பொன்னைக் காணோம். கரையில நிக்கிற மனைவி பரவையார் கிண்டல் பண்றாங்க. அப்புறம் பாடிக் கிடைச்சது. உரசிப் பார்த்தா, கையில இருக்கிற துண்டை விட மாத்து குறைவு! மறுபடி பாடித்தான் மாத்து சரியாச்சாம். 'ஆத்துல போட்டு குளத்துல தேடுறது'ங்கிற பேச்சு இதுல இருந்துதான் வந்ததுன்னு எங்க ஊர்ல சொல்லுவோம். (திருவாரூர்க்காரங்க சண்டைக்கு வராதீங்க.)

இந்தக் கதையை மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

அப்பா தமிழாசிரியர். 2019ல ஓய்வு பெற்றார். பாடம் நடத்துறது போக அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. செராமிக் கம்பெனிகள்ல வேலை செஞ்சவங்ககிட்ட போய்ப் பேசி, ஊர்ல பீங்கான் தொழில் எப்படி நடக்குது, எந்த மண்ணு எங்க இருந்து வருது, அச்சு எப்படி எடுக்கிறாங்க, அந்த வேலைக்குள்ள புழங்குற சொல்லெல்லாம் என்னன்னு நோட்டு நோட்டா எழுதினார். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூணும் சேர்ந்தாதான் பீங்கான், 1200 டிகிரிக்கு மேல வேகணும், வேகறப்ப பொருள் சுருங்கும், அதனால அச்சையே பெருசா செய்யணும்... இதெல்லாம் நான் அஞ்சாங்கிளாஸ் போறதுக்கு முன்னாடியே காதுல விழுந்தது.

2004ல தவணைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். விண்டோஸ் 98. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா நோட்டைப் பார்த்து வாசிப்பாங்க, அப்பா அடிப்பார். நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து, இவங்க எப்ப எந்திரிப்பாங்க, நாம எப்ப கேம் ஆடுறதுன்னு காத்திருப்பேன். அடிச்சதை ஃப்ளாப்பியில போட்டுக்கிட்டு பாலக்கரை பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அங்க இருந்த அண்ணன் ஒருத்தர் உதவியோட இலவசமா இடம் கொடுத்த ஒரு சேவையில பக்கமா ஏத்துவார். முதல் பக்கத்துல மேலேயே ஒரு வரி: எழுத்து தெரியவில்லையா? இங்கே சொடுக்கி எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும். பழைய ஆளுங்களுக்கு இந்த வரியைப் பார்த்தாலே கொசுவத்தி சுத்தும் :-)

அந்தப் பக்கம் இப்ப இல்ல. சேவையை மூடிட்டாங்க. மூடப் போறோம்னு வந்த மெயிலை அப்பா பார்க்கல, அவர் அந்தப் பெட்டியைத் திறந்தே வருசம் ஆகியிருந்தது. பேர் சொல்லித் திட்டறதுக்கு இல்ல, அந்தக் காலத்து இலவச இடங்கள் நிறைய இப்படித்தான் போச்சு. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல போச்சு, யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர்ல போச்சு. எத்தனை வாத்தியாருங்க எழுதினது அதோட போச்சோ.

சரி, ஃப்ளாப்பிக்கு வருவோம். ஆன்லைன்ல ஒரு யூ.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினேன். முதல் ரெண்டு ஃப்ளாப்பி கரகரன்னு சத்தம் போட்டுத் திறந்தது. மூணாவது திறக்கவே இல்ல. திறந்த ரெண்டுலயும் கோப்பைப் பார்த்தா... ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. 'அப்பா'ன்னு இருக்க வேண்டிய இடத்துல எம், ஜி, ஒரு அரைப்புள்ளி, ஜி, எச். 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

பாமினி எழுத்துரு பழகினவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. பழகாதவங்களுக்கு இது ஏன்னு சொல்றேன்.

அப்பா எண்பதுகள்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போய் 'ய ள ன க'ன்னு தட்டிப் பழகினவர். தமிழ்த் தட்டச்சுப் பொறின்னதும் முதல்ல வர்ற பேர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துக்காரர், மலாயா சிங்கப்பூர் பக்கம் வேலை பார்த்தவர். 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியாது. அதனால எழுத்தைத் துண்டு துண்டா பிரிச்சாங்க: ஒரு க, ஒரு கொம்பு, ஒரு கால். கொம்பு, க, கால்னு வரிசையா தட்டினா தாள்ல 'கொ'. தாளுக்கு அது போதும், கண்ணு சேர்த்துப் படிச்சுக்கும்.

கம்ப்யூட்டர் வந்தப்ப அதே துண்டுகளைத்தான் எழுத்துருவுக்குள்ள வச்சாங்க. ஆனா கம்ப்யூட்டருக்கு எழுத்துன்னா வெறும் எண். அப்ப இருந்த முறையில மொத்தம் 256 இடம், அதுல முதல் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கிச்சு. தமிழுக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட இடம் இல்ல. அதனால ஒவ்வொருத்தரும் தனக்குத் தோணின இடத்துல தமிழை உக்கார வச்சாங்க. பாமினி மாதிரி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து உக்காந்திருந்த நாற்காலியிலேயே தமிழை உக்கார வச்சது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அப்பா அடிச்சது ஆங்கிலம்தான். எழுத்துரு மட்டும் அதுக்குத் தமிழ் வேஷம் போட்டது. எழுத்துரு இல்லாத மெஷின்ல வேஷம் கலைஞ்சுடும். ஆத்துல போட்ட பொன்னு குளத்துல இல்ல!

இந்தச் சிக்கலோட முதல்ல மல்லுக்கு நின்னவங்கள்ல ஒருத்தர் எங்க அப்பா மாதிரியே ஒரு வாத்தியார். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், 1946ல பிறந்தவர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட தேசியக் கல்விக் கழகத்துல தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அவர் உருவாக்கினது 'கணியன்'. பேரைக் கேட்டதும் பூங்குன்றனார் ஞாபகம் வருதா? 1995 அக்டோபர்ல சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியில இணையத்துல போட்டாங்க. அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வச்சார். அதுல தமிழ்ப் பக்கங்கள் வந்ததுக்குப் பின்னாடி இருந்தவர் கோவிந்தசாமி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல இருந்த டாக்டர் டான் டின் வீயும் அவர் குழுவும் தொழில்நுட்பப் பக்கம். தமிழ் இணையத்துல ஏறினதுக்கு முதல் அடையாளங்கள்ல ஒண்ணா அதைத்தான் சொல்றாங்க.

யோசிச்சுப் பாருங்க. 1995 அக்டோபர். இந்தியாவுல பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பிச்சே ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அப்ப ஒரு தமிழ் வாத்தியார், நம்ம மொழி திரையில எப்படி உக்காரணும்னு கவலைப்பட்டிருக்கார். அடுத்து 1997 மே மாசம் சிங்கப்பூர்ல முதல் தமிழ் இணைய மாநாடு. பல நாட்டுக்காரங்க ஒரே அறையில உக்காந்து, ஏம்ப்பா ஆளுக்கொரு எழுத்துரு வச்சிருந்தா எப்படின்னு பேசினது அங்கதான்.

இன்னொருத்தர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்து லோசான் நகரத்துல வேதியியல் ஆராய்ச்சி செஞ்சவர். 'மயிலை'ன்னு இலவச எழுத்துரு கொடுத்தார். 1998 பொங்கலன்னிக்கு 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பழைய தமிழ் நூல்களை உலகம் பூரா இருக்கிற தன்னார்வலர்கள் தட்டச்சு செஞ்சு, இன்னொருத்தர் பிழை பார்த்து, இலவசமா இணையத்துல வைக்கிற வேலை. சம்பளம் கிடையாது. ராத்திரி சாப்பிட்டுட்டு, பிள்ளைங்க தூங்கின பிறகு உக்காந்து அடிச்சவங்கதான் அதிகம் இருந்திருப்பாங்க. இன்னிக்கு நாம தேடினதும் கிடைக்கிற பழைய இலக்கியம் நிறைய அவங்க விரல் நோவுல வந்தது.

அந்தத் திட்டத்துலயே நம்ம கதை தெரியும். முதல்ல மயிலை, இணைமதி எழுத்துருக்கள்ல வெளியிட்டாங்க. 1999ல இருந்து 'தஸ்கி'ங்கிற குறியேற்றத்துக்கு மாறினாங்க. அப்புறம் 2004 வாக்குல யுனிகோடு. ஒவ்வொரு தடவையும் முன்னாடி செஞ்சதை மாத்தி எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஆத்துல போட்டுட்டு சும்மா இருக்கல, ஒவ்வொரு குளத்துலயும் இறங்கி எடுத்து, உரசிப் பார்த்து, அடுத்த ஆத்துல போட்டாங்க. அதனாலதான் அது பிழைச்சது.

1999 பிப்ரவரியில சென்னையில தமிழ் இணைய மாநாடு. தமிழ்நாடு அரசு 'தாம்', 'தாப்'னு ரெண்டு குறியேற்றங்களையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் தரமா கொண்டுவந்தது. தமிழ் 99 இன்னிக்கும் அருமையான விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், ஆக 31 விசை. க அடிச்சு மறுபடி க அடிச்சா முதல் க-வுக்கு அதுவே புள்ளி வச்சுக்கும். இலக்கணம் தெரிஞ்சவங்க கை வச்சது பார்த்தாலே தெரியும். ஆனா குறியேற்றங்கள் ரெண்டும் நிக்கல. ஏற்கெனவே இருந்த கூட்டத்தோட இன்னும் ரெண்டு சேர்ந்த மாதிரி ஆயிடுச்சு. அதே வருசம் மே மாசம் கோவிந்தசாமி காலமானார். 53 வயசு.

நிலைச்சது யுனிகோடு. 1991லயே அதுல தமிழுக்கு இடம் ஒதுக்கியாச்சு. க-வுக்கு 2965ன்னா உலகத்துல எந்த மெஷின்லயும் 2965தான், ஆங்கிலத்தோட நாற்காலியைப் பிடிக்க வேண்டியதில்ல. ஆனா அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க வருசக்கணக்காச்சு. விண்டோஸ் 2000லதான் லதா எழுத்துருவோட தமிழ் உள்ளேயே வந்தது. எக்ஸ்பியில கூட ஒரு கட்டத்தை டிக் பண்ணி, சி.டி.யைப் போட்டு ஏத்தணும். அந்த சி.டி. யாருகிட்ட இருந்தது சொல்லுங்க? எ-கலப்பை, சுரதாவோட பொங்குதமிழ் எழுத்துமாற்றி மாதிரி இலவசக் கருவிகளைக் கொடுத்தவங்க புண்ணியத்துல ஓடுச்சு. தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமா அறிவிச்சது 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாடு நடந்த சமயத்துல.

அப்பா அடிச்சதெல்லாம் 2004க்கும் 2007க்கும் நடுவுல. யுனிகோடு இருந்தது, ஆனா எங்க வீட்டு விண்டோஸ் 98ல இல்ல. கடைவீதியில ஒரு டி.டி.பி. கடையில கொடுத்த எழுத்துருவை வச்சு அடிச்சார். அந்த எழுத்துரு ஃப்ளாப்பியில இல்ல. கடையும் இப்ப இல்ல.

இங்கதான் என் இன்ஜினியரிங் டிகிரிக்கு முதல்தடவையா உருப்படியா ஒரு வேலை வந்தது :-) சின்ன எழுத்துல அடிச்சதெல்லாம் பாமினி மாதிரியே இருந்தது. பெரிய எழுத்துலயும் 128க்கு மேல இருக்கிற இடங்கள்லயும்தான் அந்த எழுத்துரு வேலையைக் காட்டிருச்சு. பொங்குதமிழ்ல போட்டா பாதி தமிழ், பாதி பிசாசு. அதனால தெரிஞ்ச சொல்லை வச்சுத் தெரியாத இடத்தைப் பிடிச்சேன். 'விருத்தாசலம்'ங்கிற சொல் பக்கத்துக்கு நாலு தடவை வரும்னு தெரியும். அதுல ரு எந்த எண்ல இருக்குன்னு கிடைச்சதும் அடுத்து 'உருவம்', அடுத்து 'சூளை', அடுத்து 'தூள்'. கல்வெட்டு படிக்கிறவங்களுக்கு இந்தச் சந்தோஷம் தெரியும்.

பைத்தான்ல சின்னதா ஒரு நிரல் எழுதினேன். துண்டுகளை இடம் மாத்தணும், ஏன்னா பழசுல கொம்பு முன்னாடி வரும், யுனிகோடுல க முதல்ல வந்து அப்புறம்தான் ஒகரக் குறி. ராத்திரி ரெண்டு மணிக்கு முதல் பக்கம் தமிழா வந்தது. ஆனா 'வெள்ளைக் களிமண்' எல்லாம் 'வௌ்ளைக் களிமண்'ணு நின்னுச்சு. கொம்பு, வ, ள மூணையும் சேர்த்துப் பார்த்த என் நிரல், அதை ஔகாரம்னு நினைச்சுக்கிச்சு! பின்னாடி புள்ளி வந்தா அது ஔகாரம் இல்லன்னு ஒரு விதி சேர்த்தேன். சரியாச்சு.

அடுத்தது ரகரம். டைப்ரைட்டிங் பழகினவங்க ரி, ர் ரெண்டுக்கும் ரகரத்தை அடிக்காம காலை அடிச்சு, மேல கொக்கியோ புள்ளியோ வைப்பாங்க. பழைய அச்சுல அப்படித்தான் இருக்கும், பார்க்கவும் நல்லா இருக்கும். தாள்ல ஒண்ணும் தெரியாது. மெஷினுக்கு அது ரகரமே இல்ல, கால். அதுக்கும் விதி எழுதலாம், ஏன்னா காலுக்கு மேல புள்ளி வரவே வராது. ஆனா அப்பா விரல் பழக்கத்துல வெறும் ரகரம் வர்ற இடத்துலயும் பல தடவை காலையே தட்டியிருக்கார். 'தரம்'னு இருக்க வேண்டியது 'தாம்'னு நிக்குது. தாம்ங்கிறதும் சரியான சொல்தானே, நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? 'இந்த மண்ணின் தாம் குறைந்தால்'னு ஒரு வரி. தரமே மாத்து குறைஞ்சு வந்து நிக்குது பாருங்க!

இதுக்கு மனுசக் கண்ணுதான் வேணும். அடுத்த மாசம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு இப்ப திரையைப் பார்த்து ரொம்ப நேரம் படிக்க முடியாது. அதனால நான் வாசிச்சேன், அவர் கேட்டுத் திருத்தினார். "அது தாம் இல்லடா, தரம்." "அங்க ஒரு வரி விட்டிருக்கு பாரு." அம்மா அடுக்களையில இருந்து காது கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு நாள்ல ரெண்டு ஃப்ளாப்பியும் முடிஞ்சுது.

மூணாவது? அதைத் தெரிஞ்ச கடையில கொடுத்தும் பார்த்தேன், ஒண்ணும் வரல. அதுல என்னப்பா இருந்ததுன்னு கேட்டேன். பொம்பளைங்க வேலையைப் பத்தி இருந்தது, அச்சுல இருந்து எடுத்த பச்சைப் பொருளைச் சீவி சரிபண்றது, அவங்க பேசிக்கிற சொல்லு, அதெல்லாம்னு சொன்னார். அதுதான் இருக்கிறதுலயே நல்லா வந்த அத்தியாயம்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அம்மா ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க. "அது எல்லாம் நான் சொன்னதுதானே. எங்க அக்கா பதினஞ்சு வருசம் அந்த வேலைதானே பார்த்துச்சு. கேட்டா மறுபடி சொல்றேன்."

எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்மா நோட்டைப் பார்த்து வாசிச்சாங்கன்னுதான் இத்தனை வருசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பாதி நாள் நோட்டுல ஒண்ணுமே இருந்திருக்காது போல, அவங்க சொல்லச் சொல்ல அப்பா அடிச்சிருக்கார். அந்தப் பக்கத்துல ஆசிரியர்னு அப்பா பேர் மட்டும்தான் இருந்தது. "ஏம்ப்பா?"ன்னேன். "அப்ப தோணல"ன்னார். மழுப்பாம சொன்னார், அதுவரைக்கும் சரி.

மறுநாள் பெரியம்மாவையும் கூட்டிட்டு வந்தோம். போன்ல பதிவு பண்ணினேன். சுடாத பொருளை எடுத்து வைக்கிறப்ப மூச்சுக் காத்து கூட வேகமா விடக் கூடாதுன்னு சொன்னாங்க. அச்சு சேர்ற இடத்துல வர்ற கோட்டைப் பிளேடால சீவி, ஈர ஸ்பாஞ்சால துடைக்கணும். கை நடுங்கினா அன்னிக்கு அந்த வேலை கிடையாது, அடுக்குற வேலைதான். பறக்கிற தூசுக்கு அப்ப யாரும் முகமூடி போட்டதில்லயாம். அப்பாவோட அத்தியாயத்துல தூசு பத்தி இருந்ததான்னு கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்ல. இப்ப இருக்கு.

ஒரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். எங்க அக்காவும் வாத்தியார்தான், அரசுப் பள்ளியில. அவளுக்கு எழுத்துரு பிரச்சினையே தெரியாது. போன்ல பேசினா தமிழா வந்து விழுது. ஒரு பாடத்துக்கு அவ தயார் பண்ற குறிப்பைப் பார்த்தா அப்பா அந்தக் காலத்துல கண்ணீர் விட்டிருப்பார். ஆனா அதெல்லாம் எங்க இருக்குன்னு கேட்டேன். வாட்ஸப் குரூப்ல படமா போட்டிருக்கா, சிலது பி.டி.எஃப். அதுல இருந்து எழுத்தை எடுத்து ஒட்டினா அப்பாவோட ஃப்ளாப்பி மாதிரியே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். போன் மாத்தினப்ப ரெண்டு வருசக் குறிப்பு போயிருக்கு. "போகட்டும் விடு, மறுபடி பண்ணிக்கலாம்"ங்கிறா. எங்கயோ கேட்ட குரல்!

கோவிந்தசாமி காலத்துல எழுத்துக்கு இடம் இல்ல, அதனால தொலைஞ்சுது. இப்ப இடத்துக்குப் பஞ்சமே இல்ல, ஆனாலும் தொலையுது. மதுரைத் திட்டம் பிழைச்சதுக்குக் காரணம் நல்ல எழுத்துரு மட்டும் இல்ல. எல்லாருக்கும் பொதுவான எழுத்தா இருந்தது, பல பேர்கிட்ட பிரதி இருந்தது, காலம் மாறுறப்ப எடுத்து மாத்தி வைக்க ஆள் இருந்தது. இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு. அப்பா பக்கத்துக்கு மூணுமே இல்ல.

அதனால நம்ம மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுல வாத்தியார் இருந்தா, எழுதுற பழக்கம் இருந்த தாத்தா பாட்டி இருந்தா, பரண்ல ஒரு தடவை கை விட்டுப் பாருங்க. பழைய சி.டி., ஃப்ளாப்பி கிடைச்சா இந்த வருசமே திறந்துடுங்க, அது ஒவ்வொரு வருசமும் செத்துக்கிட்டு இருக்கு. எழுத்தை எழுத்தாவே வைங்க, படமா வைக்காதீங்க. ரெண்டு இடத்துல வைங்க. முக்கியமா, சொன்னவங்க பேரையும் போட்டு வைங்க.

அப்பாவோட 'ஊர்' இப்ப யுனிகோடுல இருக்கு. மூணாவது அத்தியாயம் அம்மா, பெரியம்மா சொல்லி நான் அடிச்சது. பிழை பார்க்கிற வேலை அப்பாவோடது. முதல் பக்கத்துல மூணு பேர் பேரும் இருக்கு. அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு, "இனிஷியல் தப்பா இருக்கு"ன்னாங்க :-)

திருத்திட்டேன்.

பி.கு.: உங்ககிட்ட விசித்திரமான பழைய எழுத்துரு கோப்பு எதாவது மாட்டிக்கிட்டு இருந்தா சொல்லுங்க. நிரல் கையில இருக்கு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கிற வியாதியும் இருக்கு. ஆனா தரமா தாமான்னு நீங்கதான் உக்காந்து சொல்லணும்.